வரியைக் குறைத்த பிறகு வந்த சண்டை

பாஸ்டன் பக்கத்திலிருந்து,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் எதுவும் இல்லை, சோம்பல்தான். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிடு. இது நீளமான கடிதம், படிக்கத் தெம்பு வேண்டும். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிற ஆளா நீ. இங்கே மகள், மருமகன், பேத்தி எல்லோரும் சுகம். எனக்குக் குளிர் ஒன்றுதான் பகை. கமலா பேரன் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. மணமேடையில் அவள் போட்டுக்கொண்டு நிற்கப்போகும் நகையை நினைத்தால் இங்கிருந்தே கண் கூசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுதி மொட்டைமாடியில் நாம் போட்ட சண்டைகளில் ஒன்று தீராமல் கிடந்ததே, நினைவிருக்கிறதா? அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை ஏன் எதிர்த்தன என்பது. "வரிச்சுமை தாங்கவில்லை, எதிர்த்தார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் நீ முடித்தாய். அப்புறம் டீச்சராகி, பாளையங்கோட்டைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதையே எழுதவைத்து மதிப்பெண்ணும் போட்டாய். நான் இங்கே குளிருக்கு ஒதுங்க ஊர் நூலகத்துக்குப் போகப்போய், அந்த விவகாரத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஏட்டி, சுமையே கிடையாது! லண்டனில் இருந்தவன் கட்டிய வரிக்கு முன்னால் பாஸ்டன்காரன் கட்டியது கொசுறு. அதைவிட வேடிக்கை, வரியைக் குறைத்தபோதுதான் இவர்களுக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. அதுவும் இரண்டு தடவை.

முதலில் லண்டன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கச் சம்பளத்தில் காலம் தள்ளியவள் நான், கஜானா காலியானால் என்ன ஆகும் என்று தெரியும். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தது. பிரெஞ்சுக்காரனுக்குப் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தார்களே, அதே பாரிஸ் உடன்படிக்கைதான். போருக்கு முன் ஏறக்குறைய 7.5 கோடி பவுண்டாக இருந்த கடன் 13 கோடியைத் தாண்டியிருந்தது. வருமானத்தில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போனது. உள்ளூரில் சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலேயக் குடியானவனே கலவரம் செய்தான். போதாக்குறைக்கு அமெரிக்காவில் 10,000 சிப்பாய்களை நிறுத்திவைப்பது என்று முடிவு. உங்களுக்காகவும்தானே சண்டை போட்டோம், படைச்செலவில் ஒரு பங்கையாவது கட்டுங்கள் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டார். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

காலனிக்காரனோ, பிரெஞ்சுக்காரன்தான் போய்விட்டானே, இனி எதற்குச் சிப்பாய் என்று கேட்டான். போதாததற்கு அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று ராஜா அதே 1763இல் பிரகடனம் போட்டார். அங்கே காலங்காலமாக இருந்த பூர்வகுடிகளுக்கு அந்த ஒரு காகிதம்தான் கொஞ்சம் பாதுகாப்பு. நிலத்தின் மேல் கண் வைத்திருந்தவர்களுக்கோ வயிறு எரிந்தது; ஜார்ஜ் வாஷிங்டனும் அதில் ஒருவர். நிலம் என்றால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று பத்திரம் பதிந்தே நரைத்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் குறைப்பு 1764இல். வெளிநாட்டு மொலாசஸுக்கு, அதாவது ரம் காய்ச்சுகிற கரும்புப்பாகுக்கு, 1733 முதலே காலன் என்ற முகத்தலளவைக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. கட்டியவர்கள் குறைவு. சுங்க அதிகாரி கையில் ஏதோ கொஞ்சம் வைத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொள்வார்கள். கிரென்வில் அதைப் பாதியாக்கி 3 பென்ஸ் என்றார், ஆனால் இதைக் கட்டியே தீர வேண்டும் என்றார். கடலில் போர்க்கப்பல் காவல், சரக்குக்குச் சரக்கு காகிதம். மாட்டிக்கொண்டால் ஜூரி இல்லாத அட்மிரால்டி நீதிமன்றம், அதாவது கடல் வழக்கு நீதிமன்றம். வடக்கே தொலைவில் இருந்த ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் இழுக்கலாம். உள்ளூர் ஜூரி என்றால் கடத்தல்காரனின் மச்சானும் அதில் உட்கார்ந்திருப்பான், விட்டுவிடுவான். அது தெரிந்துதான் ஜூரியைத் தூக்கினார்கள். 6 என்று எழுதிவைத்துவிட்டு வாங்காமல் இருந்தவரை சும்மா இருந்த ஊர், 3 என்று எழுதி வாங்க வந்ததும் எழுந்தது. 1766இல் அது ஒரு பென்னியானபோது பெரிய சத்தம் இல்லாமல் கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடுதலை வீரர்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடுவார்கள்.

அடுத்தது என் சொந்த இலாகா. 1765 மார்ச்சில் முத்திரைச் சட்டம் வந்தது. படிக்கப் படிக்க நான் மறுபடி சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பத்திரம், உயில், கோர்ட் மனு, கப்பல் காகிதம், கல்லூரிப் பட்டம், செய்தித்தாள், பஞ்சாங்கம் எல்லாம் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங். உன் பெரியத்தை இருந்திருந்தால் முதல் கல்லை அவர்தான் எறிந்திருப்பார். இங்கிலாந்தில் 1694 முதலே முத்திரைத் தீர்வை உண்டு. அங்கே ஓடுகிறது, இங்கேயும் ஓடும் என்று நினைத்துவிட்டார்கள்.

நிர்வாகம் தெரிந்த யாரும் அந்தச் சட்டத்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வாயில்லாதவன் தலையில் வரி போடுவது பாவம், ஆனால் உலகத்தில் நடக்கிற காரியம். கிரென்வில் தேடிப்பிடித்து யார் தலையில் போட்டார் பார்: வக்கீல், பத்திரிகை அச்சடிப்பவன், மதுக்கடை நடத்துபவன். பேசத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவன், ஊர் கூடிப் பேசும் இடத்தை வைத்திருப்பவன் என்று மூன்று பேரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டார். தீர்வையை ஸ்டெர்லிங்கில், அதாவது இங்கிலாந்துப் பணத்தில், கட்ட வேண்டும் என்று வேறு சொன்னார். காலனிகளில் வெள்ளிக்காசுக்கே தட்டுப்பாடு. அவர்கள் அச்சடித்துக்கொண்டிருந்த காகிதப் பணத்தையும் முந்தின வருஷம்தான் ஒரு சட்டத்தால் நெருக்கியிருந்தார்கள்.

தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரு ஆலிவருக்காக மட்டும் என் மனசு இரங்குகிறது. பாஸ்டன்காரர்தான். ஆகஸ்ட் 14 காலையில் அவருடைய உருவப்பொம்மை ஒரு எல்ம் மரத்தில் தொங்கியது. அன்று இரவே அவருடைய கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். இந்த வேலையே வேண்டாம் என்று மறுநாள் சொல்லிவிட்டார். ஒரு தாள்கூட விற்றதில்லை, பாவம். 26ஆம் தேதி துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டைச் சூறையாடினார்கள். அவருக்கே அந்தச் சட்டம் உள்ளூரப் பிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. நவம்பர் 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது ஜார்ஜியாவைத் தவிர ஏறக்குறைய எங்கும் தாள் விற்க ஆளில்லை.

அதற்குள் அக்டோபரில் ஒன்பது காலனிகளின் ஆட்கள் நியூயார்க்கில் கூடிவிட்டார்கள். எங்கள் சபைகள் எங்களுக்கு வரி போடட்டும், நாங்கள் ஆள் அனுப்பாத சபை போடக் கூடாது என்றார்கள். "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்று நீ கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுவாயே, அதுதான். ஆனால் லண்டனில் நாலு நாற்காலி கொடுத்திருந்தால் சமாதானம் ஆகியிருப்பார்களா? மாட்டார்கள். எங்கள் இருப்பிடத்தின் நிலையில் அது நடவாத காரியம் என்று அந்தக் கூட்டமே எழுதி வைத்துவிட்டது. நாற்காலி கேட்கவில்லை மங்கை, தலையிடாதே என்று கேட்டார்கள்.

லண்டன் சொன்ன பதில் இன்னும் ருசி. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை, நாடாளுமன்றம் எல்லோருக்கும் சேர்த்தே யோசிக்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன என்றார்கள். ஆனால் ஓல்ட் சாரம் என்ற ஆளரவமற்ற மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள். அந்த மேட்டை விலைக்கு வாங்கிப்போட்டவர் யார் தெரியுமா? பின்னாளில் நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து பெரிய வைரம் வாங்கினாரே, அந்தத் தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் சேர்த்த காசு. அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் அந்த மேட்டின் பெயரைச் சொல்லித்தான் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் போனார். அமெரிக்கா எதிர்த்து நின்றதில் எனக்கு மகிழ்ச்சி என்று 1766 ஜனவரியில் எழுந்து பேசியவரும் அவரேதான். இதைப் படித்த அன்று உனக்கு போன் போட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு அப்போது நடு ராத்திரி, விட்டுவிட்டேன்.

மார்ச்சில் முத்திரைச் சட்டத்தை ரத்து செய்தார்கள். கையோடு இன்னொரு சட்டம்: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று. இங்கே எனக்கு உன் அண்ணன் ஞாபகம் வந்தது, முகத்தைத் திருப்பாதே. தோப்புக் குத்தகைப் பணத்திலிருந்து உன்னைக் கேட்காமல் கோயில் கொடைக்கு எடுத்துக் கொடுத்தாரே, அது என்ன பெரிய தொகையா? கேட்டிருந்தால் நீ அதைவிடக் கூடவே கொடுத்திருப்பாய். உன் பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறேன், ஆனால் மூத்தவன் என்ற முறையில் எடுக்கிற உரிமை எனக்கு உண்டு என்று அவர் சொன்ன அன்றுதானே நீ அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாய்? பணம் திரும்பி வந்தது, நீ போகவில்லை. அந்த மார்ச்சில் பாஸ்டன் இருந்த நிலை அதுதான்.

1767இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் பெயரில் வந்த வரிகள்: கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை. பாடநூல் இந்தப் பட்டியலோடு நிறுத்திவிடும். எனக்கு அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க! அதுவரை மாசச்சூசெட்ஸ் போன்ற இடங்களில் உள்ளூர்ச் சபைதான் ஆளுநரின் சம்பளத்தை ஒதுக்கியது. அவர் முரண்டு பிடித்தால் சபை பையை இறுக்கும். இனி அவருக்கு லண்டனிலிருந்து சம்பளம் என்றால், ஊர்க்காரன் பேச்சை அவர் ஏன் மதிக்க வேண்டும்? தன் பணத்தைக் கொண்டே தன் பிடியை அறுக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எந்த அதிகாரி யாருக்குப் பயப்படுவார் என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்தே சொல்லலாம். 1772இல் மாசச்சூசெட்ஸ் உயர் நீதிபதிகளின் சம்பளமும் அரசரின் கணக்குக்கு மாறப்போவது தெரிந்ததும்தான் பாஸ்டன் ஊர்க்கூட்டம் கடிதக் குழு ஒன்றை அமைத்தது. ஊருக்கு ஊர் கடிதம் பறந்தது. நம் இருவரையும் போலப் பொங்கல் கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதியிருந்தால் அங்கே இன்னும் ராஜா ஆட்சிதான்.

நடுவில் 1770 மார்ச் 5 பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் சாவு. அது உனக்குத் தலைகீழாகத் தெரியும், விடுகிறேன். பெண்கள் ராட்டினத்தை எடுத்து வீட்டிலேயே நூல் நூற்றதும், 1774இல் வட கரோலினாவின் ஈடன்டனில் 51 பெண்கள் பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்று பெயர் போட்டுக் கையெழுத்திட்டதும் பாடத்தில் இல்லை. லண்டன்காரன் அவர்களைக் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தான்.

இரண்டாவது குறைப்பு தேயிலைக்கு. மற்ற டவுன்ஷெண்ட் வரிகளை 1770இல் நீக்கியவர்கள், அதிகாரம் போய்விடக் கூடாது என்று தேயிலைக்கு மட்டும் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வைத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது முழுகும் நிலையில் இருந்தது. கிடங்குகளில் ஏறக்குறைய 1.7 கோடி பவுண்டு எடைத் தேயிலை தேங்கிக் கிடந்தது. (சீனத் தேயிலை. நீலகிரியில் அப்போது தேயிலை கிடையாது என்று வசந்தாவிடம் சொல்லிவிடு, அவள் இன்னும் நம்ப மாட்டாள்.) 1773 சட்டப்படி கம்பெனி இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும், நேராக அமெரிக்காவுக்கு அனுப்பித் தன் முகவர்கள் மூலமே விற்கலாம். விலை இறங்கும், கடத்தல் டச்சுத் தேயிலையோடு போட்டியே போடலாம். மலிவாகக் கிடைத்தால் வாயை மூடிக்கொள்வான் என்பது கணக்கு.

ஆனால் பாஸ்டன் முகவர்களில் இரண்டு பேர் ஹட்சின்சனின் மகன்கள். அவர் அதற்குள் ஆளுநராகியிருந்தார். ஊர் வியாபாரி ஓரங்கட்டப்படுவான், மலிவுத் தேயிலையோடு அந்த 3 பென்ஸும் தொண்டைக்குள் போய்விடும், இன்று தேயிலை என்றால் நாளை எது? இன்னொரு பயமும் இருந்தது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அந்த நவம்பரில் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் அன்று தூங்க முடியவில்லை. இந்தக் கம்பெனி ஆசியாவில் என்ன செய்தது பாருங்கள், ஒரே வருஷத்தில் பதினைந்து லட்சம் பேர் பட்டினியில் செத்தார்களாம், மண் விளையாததால் அல்ல, தானியத்தை இவர்கள் வளைத்துப்போட்டதால் என்று எழுதுகிறார். 1770 வங்காளப் பஞ்சம்! அங்கே செத்தவர்களைப் பற்றிய செய்தி மூன்றே வருஷத்தில் பிலடெல்பியா வரை வந்து, அடுத்தது நாமா என்று இவர்களைக் கேட்கவைத்திருக்கிறது. நீ கம்பெனியை ஒரு பாடத்திலும் அமெரிக்காவை வேறொரு பாடத்திலும் நடத்தினாய். உன் குற்றமில்லை, புத்தகமே அப்படித்தான்.

டிசம்பர் 16 இரவு பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை உனக்குத் தெரியும்: மூன்று கப்பல், 342 பெட்டி, எல்லாம் தண்ணீரில். கப்பல் வந்து இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. முதல் கப்பலுக்கு மறுநாள் கெடு. தேயிலையோடு திரும்பிப் போக அனுமதி கேட்டார்கள், ஹட்சின்சன் மறுத்தார். கூட்டம் நடந்த ஓல்ட் சவுத் கட்டடம் இன்னும் நிற்கிறது, மகள் ஒருநாள் கூட்டிப் போனாள். அங்கே நினைவுப்பொருள் கடையில் தேயிலைப் பொட்டலம் விற்கிற விலைக்கு இன்னொரு புரட்சி செய்யலாம்.

அதற்கு லண்டன் கொடுத்த பதிலடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். மாசச்சூசெட்ஸ் சாசனத்தையே திருத்தினார்கள், ஆளுநர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்தினார்கள். தேயிலையைக் கொட்டியது தப்பு என்று அதுவரை சொன்னவர்கள்கூட, இது இன்று அவர்களுக்கு என்றால் நாளை நமக்கு என்று நினைத்தார்கள். செப்டம்பரில் பன்னிரண்டு காலனிகள் பிலடெல்பியாவில் கூடிவிட்டன. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கிவிட்டது.

இவர்களைத் தலையில் தூக்கிவைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அடிமைகளை ஓட்டுகிறவர்களிடமிருந்தா சுதந்திரக் கூச்சல் இவ்வளவு பலமாக வருகிறது என்று லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கலாம், கேள்வி சரியானதுதான். பாஸ்டனில் அடிமையாக இருந்து அப்போதுதான் விடுதலை பெற்ற கவிஞர் பிலிஸ் வீட்லி, விடுதலை வேட்கையைக் கடவுள் எல்லா மனித நெஞ்சிலும் வைத்திருக்கிறார் என்று 1774இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பத்திரிகைகள் போட்டன. போட்டுவிட்டு, அடிமைகள் விற்பனைக்கு என்ற விளம்பரத்தையும் அந்தக் காலப் பத்திரிகைகள் போட்டுக்கொண்டேதான் இருந்தன.

உனக்காக இரண்டு துணுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கட்டபொம்மன் மீசையை இதில் ஒட்டாமல் இருப்பதாகச் சத்தியம் செய். ஒன்று, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது கோட்டை அருங்காட்சியகத்தில் பார்த்தாயே காரன்வாலிஸ் சிலை. அந்த ஆள் 1766இல் பிரபுக்கள் சபையில், முத்திரைச் சட்ட ரத்தோடு கையோடு வந்த அந்த அதிகாரச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஐந்து பேரில் ஒருவர். அப்புறம் அதே காலனிகளோடு சண்டைக்குப் போய் 1781இல் யார்க்டவுனில் சரணடைந்து, நம் பக்கம் வந்து 1792இல் திப்புவிடம் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கினார். இன்னொன்று, 1782இல் பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு வைத்த பெயர் ஹைதர் அலி! காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதரிடம் கம்பெனிப் படை தோற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பலை அது பிடித்தும்விட்டது.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டு இல்லை. விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியம் நியூஜெர்சி ஆளுநர். ராஜா பக்கமே நின்றார், சிறைக்கும் போனார். போர் முடிந்ததும் சமாதானமாகப் போகலாம் என்று மகன் கடிதம் எழுதினார். தகப்பன் இளகவில்லை. உயிலில் பெயருக்குக் கொஞ்சம் எழுதிவிட்டு, போரில் இவன் எனக்கு எதிராக நடந்துகொண்டதே இதற்குக் காரணம் என்று காரணத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ உயில்களைப் பதிந்தவள் நான். அந்த மாதிரி வரியைப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. உன் அண்ணனுக்குப் போன மாதம் நெஞ்சுவலி வந்தது என்று உன் மதினி எனக்குச் சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். உரிமை உன் பக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்.

சித்திரை பிறந்து ஊருக்கு வருகிறேன். அதற்குள் கிரென்வில் சார்பாக ஒரு நல்ல வாதம் தயார் செய்து வை, ஒரே பக்கம் பேசி எனக்கு அலுத்துவிட்டது. டவுன்ஷெண்டின் பணம் எங்கே போனது என்று உன் பழைய பாடநூலில் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்றும் பார்த்து எழுது. இல்லை என்பது என் பந்தயம், ஒரு கிலோ அல்வா.

அன்புடன்,
செல்வி